கல்யாண்–ஷீல் சாலையில் ஒன்றரை மீட்டர்

மும்பைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இராத் தங்கி எழுகிற ஊர் டோம்பிவிலி. தெற்கிலிருந்து போகிறவர்கள் கல்யாணில் இறங்கி லோக்கலுக்கு மாற வேண்டும். நடுவில் தாக்குர்லி, அடுத்தது டோம்பிவிலி. மத்திய ரயில்வேயின் மிக நெரிசலான புறநகர் நிலையங்களில் ஒன்று இது. வண்டி நின்றதும் கூட்டமே நம்மை இறக்கி, படியேற்றி, நடைமேம்பாலத்தில் நடத்தி, தெருவில் கொண்டுபோய் விட்டுவிடும். தண்டவாளம் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிளக்கிறது. மேற்கே உல்லாஸ் கழிமுகமும் அலையாத்திச் செடிகளும். கிழக்கே எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை. அதற்கும் அப்பால், வானம் தெளிந்த காலையில், மலங்கட் மலை கோட்டுச் சித்திரம்போலத் தெரிகிறது.

என் மாமா மாட்டுங்காவில் ஒண்டுக்குடித்தனமாக இருந்தவர். குழந்தைகள் பிறந்ததும் அங்கே கட்டுப்படியாகாமல், கிழக்கு டோம்பிவிலியில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு வந்தார். மாட்டுங்கா, செம்பூர், தாராவியிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல இப்படித்தான் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வடகிழக்கே நகர்ந்தன. தென்னிந்தியர் சங்கம் நடத்தும் பள்ளியும் கல்லூரியும் இங்கே இருக்கின்றன. எம்.ஐ.டி.சி. சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் இன்றைக்கும் சைக்கிள்தான் எடுக்கிறார். எனக்கும் ஒரு வாடகைச் சைக்கிள் ஏற்பாடு செய்துவிட்டு, “வா மருமவனே, ஊரைச் சைக்கிள்ல பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

மழைக்காலம் ஓய்ந்து குளிர் எட்டிப்பார்க்கிற நாட்கள். விடிகாலையில் பட்கே சாலைக்குப் போனோம். கணேசர் கோயிலில் முடிகிற தெரு இது. குடிபாட்வா நாளில் மராட்டிப் புத்தாண்டு ஊர்வலம் புறப்படுகிற வழக்கத்தை 1999-ல் தொடங்கி வைத்த ஊர் டோம்பிவிலி. அந்த ஊர்வலத்தில் இளைஞர் கூட்டம் பொங்கி வழிவதும் இந்தத் தெருவில்தான். அகலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அந்த அகலத்துக்குள் பால் கேன் கட்டிய சைக்கிள், பேப்பர் போடுகிற பையன், ஷேர் ஆட்டோ, பூக்கூடைக்காரி, பள்ளி வேன், முதல் லோக்கலைப் பிடிக்க ஓடுகிற மனிதர் எல்லாரும் இருக்கிறார்கள். நடுக்கோடு கிடையாது, சைக்கிளுக்கென்று தனி வழி கிடையாது. ஆனாலும் யாரும் யார்மீதும் மோதவில்லை. எப்படி நடக்கிறது இது என்று வியந்து ஓரமாக நின்று பார்த்தேன்.

பார்க்கப் பார்க்கத்தான் பிடிபட்டது. வலது பக்கம் திரும்புகிற சைக்கிள்காரர் முதலில் தலையைத் திருப்பிப் பின்னால் வருகிறவரின் கண்ணைப் பார்க்கிறார். பிறகு கையை நீட்டுகிறார். ஆட்டோக்காரர் வேகத்தைத் தணித்து, லேசாகத் தலையசைக்கிறார். அதன் பிறகுதான் சைக்கிள் திரும்புகிறது. எதிரே வேன் வந்தால் பூக்காரம்மா கூடையை ஒரு முழம் உள்ளே இழுத்துக்கொள்கிறார். ஓட்டுநர்கள் கையால் காட்ட வேண்டிய சைகைகளை 1989-ன் சாலை விதிகளே வரிசையாக எழுதி வைத்திருந்தன. இண்டிகேட்டர் வந்த பிறகு பெரும்பாலான ஊர்கள் அதை மறந்துவிட்டன. பட்கே சாலை மறக்கவில்லை. இத்தனை குறுகலில் யாராலும் வேகமாகப் போக முடியாது. வேகம் இல்லாத இடத்தில் முகம் தெரிகிறது. முகம் தெரிந்த இடத்தில் மரியாதை வந்துவிடுகிறது.

அங்கேதான் இட்லிக்கார அண்ணாச்சியைச் சந்தித்தேன். சைக்கிளில் இட்லி விற்கிற தமிழர்கள் மும்பையின் விடிகாலைக்குச் சொந்தக்காரர்கள். தாராவியின் சந்துகளில் நள்ளிரவுக்குப் பிறகு அடுப்பு மூட்டி, விடியும் முன்னே ஊரெங்கும் பரவிவிடுகிறார்கள். இந்த அண்ணாச்சி டோம்பிவிலியிலேயே வீடெடுத்து, மனைவியோடு சேர்ந்து அவித்துக் கட்டிக்கொண்டு வருகிறார். கோவில்பட்டிப் பக்கம். பின் கேரியரில் அலுமினிய அண்டா, அதைச் சுற்றி ட்யூப் ரப்பரால் நாலு சுற்று. முன்பக்கம் ஹேண்டிலின் ஒரு பக்கம் சட்னி வாளி, மறுபக்கம் சாம்பார் வாளி. நடுவில் கையால் அமுக்கி ஒலிக்கிற ரப்பர் ஹார்ன். நிறுத்தும்போது ஸ்டாண்டை நம்புவதில்லை. இடது முழங்காலை பாருக்கு அண்டை கொடுத்தே இலைத் தட்டில் இட்லி வைக்கிறார்.

அவர் ஓட்டுவதைக் கூடவே போய்க் கவனித்தேன். பாரம் பின்னால் இருப்பதால் முன் சக்கரம் லேசாக இருக்கிறது. மெதுவாகப் போகும்போது ஹேண்டில் இடமும் வலமும் ஒரு சாண் அலைகிறது. குழியைக் கண்டால் சட்டென்று வெட்டித் திரும்ப அவரால் முடியாது. வாளியில் சாம்பார் தளும்பும், அண்டா இழுக்கும். அவருக்குத் தேவை முன்கூட்டியே கிடைக்கிற இடம்.

“இந்தத் தெருவுல பயமில்ல அண்ணாச்சி. பின்னாடி வர்றவனும் நம்மகிட்ட இட்லி தின்னவனாத்தான் இருப்பான். ஷீல் ரோட்டுக்குப் போனாத்தான் யாரும் யாருக்கும் தெரியாது” என்றார்.

அந்த ஷீல் ரோட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று மான்பாடா சாலை வழியாகக் கிழக்கே மிதித்தோம். கர்டா சர்க்கிள் தாண்டி எம்.ஐ.டி.சி.யின் ஆலைகளும் புகைபோக்கிகளும். அதற்கப்பால் கல்யாண்–ஷீல் சாலை. பிவண்டியின் கிடங்குகளுக்கும் நவி மும்பையின் துறைமுகப் பக்கத்துக்கும் இடையே சரக்கு போகிற வழி இது. பிவண்டியிலிருந்து ஷீல்பாட்டா வரை சுமார் 21 கி.மீ. நீளத்துக்கு ஆறு வழியாக அகலப்படுத்தப்பட்டது. இப்போது நடுவில் கல்யாண்–தலோஜா மெட்ரோவின் வேலை நடக்கிறது. தடுப்புத் தகரங்கள் சாலையின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ள, லாரிகள் இடப்பக்கம் ஒதுங்குகின்றன. இடப்பக்கம்தான் சைக்கிள்களின் இடம்.

ஒரு கண்டெய்னர் லாரி நம்மைத் தாண்டிப் போவதைச் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து அனுபவித்தால்தான் தெரியும். முதலில் முதுகில் ஒரு தள்ளு வருகிறது. அது லாரியின் முகம் தள்ளிவிடுகிற காற்று. பக்கவாட்டில் சக்கரங்கள் ஓடும் வரை மூச்சு முட்டுகிற சூடு. பின்பகுதி கடக்கிற நொடியில் அதே காற்று நம்மை வலப்பக்கம், லாரியை நோக்கி, இழுக்கிறது. ஓட்டுநர் நம்மைத் தொடவே இல்லை, ஆனாலும் சைக்கிள் அரை அடி நகர்ந்துவிட்டது. பாரமில்லாத எனக்கே இப்படியென்றால், அலுமினிய அண்டாவோடு போகிறவருக்கு எப்படி இருக்கும்? மாமா சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டார். “இங்க கண்ணப் பாக்கணும்னா லாரிக்குக் கண்ணே இல்ல மருமவனே” என்றார்.

எதிர்த்திசையில் வருகிற சைக்கிள்களையும் அங்கே பார்த்தேன். தவறுதான், ஆபத்தும்கூட. ஆனால் நடுத்தடுப்பில் திரும்புகிற இடைவெளி வெகு தூரம் தள்ளி இருக்கிறது. ஆலைக்குப் போகிற தொழிலாளி அந்தத் தூரத்தை லாரிகளுக்கு நடுவே சுற்றி வருவதற்குப் பதில் ஓரமாகவே எதிர்த்து வந்துவிடுகிறார். சாலையை வரைந்தவர்கள் அவரை நினைக்காததால் நேர்ந்த தவறு இது.

சரி, இந்தச் சாலையில் சைக்கிளுக்கு என்ன சட்டம்? 1988-ன் மோட்டார் வாகனச் சட்டப்படி இயந்திர விசையால் ஓடுவதுதான் மோட்டார் வாகனம். ஆகவே சைக்கிளுக்கு உரிமம் இல்லை, பதிவெண் இல்லை, காப்பீடு இல்லை, ஹெல்மெட் கட்டாயமும் இல்லை. 250 வாட்டுக்கும் குறைந்த மோட்டாரோடு மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகாத மின்வண்டிகளும் இதே கணக்கில் சேர்கின்றன; டோம்பிவிலியில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகிற பிள்ளைகள் பலர் அவற்றில்தான் ஓடுகிறார்கள். இதனால் சைக்கிள்காரருக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1951-ன் மகாராஷ்டிர போலீஸ் சட்டம் எந்த வண்டியானாலும் இடப்பக்கம் போக வேண்டும், முந்தும்போது வலப்பக்கமாக முந்த வேண்டும் என்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்து வரும்படி பொதுச்சாலையில் வண்டி ஓட்டுகிற யாரையும் தண்டிக்கும்; சைக்கிளுக்கும் அதில் விலக்கில்லை.

மோட்டார் ஓட்டுகிறவருக்கு 2017-ன் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: நடப்பவர், சைக்கிள்காரர், குழந்தை, முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோரிடம் தனிக் கவனம் வேண்டும். நல்ல வாசகம், நான் அதை மதிக்கிறேன். ஆனால் தனிக் கவனம் என்றால் எத்தனை அடி? ஷீல் சாலையில் ஒரு போலீஸ்காரர் நின்று, ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, “நீ சைக்கிளுக்கு இடம் விடவில்லை” என்று சொல்ல அவர் கையில் என்ன அளவு இருக்கிறது? எண் இல்லாத கடமையை நிரூபிக்க ஒரே வழி, மோதி விழுந்தவரைக் காட்டுவதுதான்.

விழுந்த பிறகு நம் சட்டத்தில் எண்கள் நிறையவே இருக்கின்றன. மோட்டார் வாகனத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு, யார்மேல் பிழை என்று நிரூபிக்காமலே 5 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு. மோதிவிட்டு ஓடிய வண்டி அகப்படாவிட்டால் சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. இவையெல்லாம் 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருப்பவை. 2018 மழைக்காலத்தில் கல்யாண் சாலைக் குழிகள் உயிர்களைப் பறித்த கதை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், குழியிலோ மூடாத சாக்கடையிலோ விழுந்து இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று மாநகராட்சிகள் உள்ளிட்ட சாலை அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. இவை பெரிய நியாயங்கள். கணவனை இழந்தவள் வழக்கறிஞரைத் தேடி அலையாமல் கைக்கு வருகிற நியாயம். என்றாலும், சாவுக்கு ஒரு தொகையை அச்சிடத் தெரிந்த சட்டம், சாகாமல் இருக்க வேண்டிய இடைவெளியையும் அச்சிட வேண்டாமா?

இந்த இடைவெளி ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் வேண்டியதல்ல. இன்டெல் நிறுவனத்தின் 386, 486 சில்லுகளில் பங்காற்றி, அதன் இந்தியக் கிளைக்குத் தலைமை வகித்த அவ்தார் சைனி செம்பூரில் வசித்தவர். 2024 பிப்ரவரி 28 விடிகாலையில் நவி மும்பையின் பாம் பீச் சாலையில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டிச் சென்றபோது பின்னால் வந்த வாடகைக் கார் மோதி இறந்தார். வயது 68. அகலமான, அழகான, நேரான சாலை அது. பட்கே சாலையின் நெரிசலில் நடக்காத கொடுமை அங்கே நடந்தது.

நம் பக்கத்திலும் சைக்கிள்காரரைச் சட்டம் நன்றாகக் கண்ட காலம் ஒன்று உண்டு. நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி சைக்கிளில் மாட்ட வேண்டும். இருட்டிய பிறகு டைனமோ விளக்கு எரிய வேண்டும். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். தமிழ்நாட்டில் ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லாருக்கும் இந்த நினைவு இருக்கும். அந்தச் சட்டம் சைக்கிள்காரரைக் குற்றவாளியாகவே பார்த்தது. பிறகு மோட்டார் பெருகியதும் அவரைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. இன்றைக்கு மும்பையில் சட்டம் சைக்கிளை நினைத்துக்கொள்வது பெரும்பாலும் தடைப் பலகைகளில்தான்: பாந்த்ரா–ஒர்லி கடற்பாலத்தில் அனுமதி இல்லை, 2024-ல் திறந்த 21.8 கி.மீ. அடல் சேதுவில் அனுமதி இல்லை.

மற்ற நாடுகள் எண்ணை எழுதிவிட்டன. ஜெர்மனி 2020-ல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் விட்டுத்தான் சைக்கிளை முந்த வேண்டும் என்று விதித்தது. பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே ஒன்றரை. பிரிட்டன் 2022-ல் தன் சாலை நெறிநூலைத் திருத்தி, அதிகச் சேதம் செய்யக்கூடிய வண்டியை ஓட்டுபவருக்கே அதிகப் பொறுப்பு என்ற வரிசையைப் புகுத்தியது. சைக்கிள் நாடு என்று நாம் கொண்டாடுகிற நெதர்லாந்து பிறவியிலேயே அப்படி இருக்கவில்லை. 1971-ல் அங்கே 3,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டார்கள்; அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பிறகே சாலைகள் மாறின. அங்கே காரும் சைக்கிளும் மோதினால், தன்னால் தவிர்க்கவே முடியாததுதான் காரணம் என்று கார்க்காரர் காட்டாதவரை இழப்பீடு அவர் பொறுப்பு.

நமக்கும் கதவு திறந்திருக்கிறது. திறந்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலையில் நொறுங்கி வந்த உடல்களை ஒட்டவைத்து ஒட்டவைத்து மனம் நொந்து, 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் 2025 அக்டோபர் 7 அன்று நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 138(1ஏ) பிரிவின்கீழ், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் பொதுச்சாலையில் உரிய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்பதே அது. சைக்கிளுக்கென்று மாநிலம் எழுத வேண்டிய பக்கம் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை டோம்பிவிலியே எனக்குக் கற்றுக்கொடுத்தது. முதலாவது, முந்துகிற வண்டி ஒன்றரை மீட்டர் விட வேண்டும், விட முடியாவிட்டால் பின்னாலேயே வர வேண்டும். இரண்டாவது, தனி வழி இல்லாமல் சைக்கிளும் மோட்டாரும் கலக்கிற கடைத்தெரு, பள்ளிப் பகுதிகளில் மணிக்கு 30 கி.மீ. வேகம். 2020-ன் ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்புப் பிரகடனம் சொன்னதும் இதைத்தான். 2018-ன் மத்திய அறிவிக்கை நகராட்சிச் சாலைகளில் கார்களுக்கு அனுமதித்த உச்ச வேகம் 70. அதைக் குறைக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. மூன்றாவது, மெட்ரோவுக்கோ குழாய்க்கோ சாலையைத் தோண்டினால் சைக்கிள் போகிற அகலத்தை ஒதுக்கிவிட்டுத்தான் தகரம் அடிக்க வேண்டும். நான்காவது, சைக்கிள்காரரும் விளக்கு, ஒளிதிருப்பி வைக்க வேண்டும், எதிர்த்திசையில் வரக் கூடாது. அவர் சாலை கடக்கிற இடைவெளியை அவர் கால் வலிமைக்கு ஏற்ற தூரத்தில் பொறியாளர் தர வேண்டும்.

தனிப் பாதை போட்டால் போதாதா என்று கேட்கலாம். பாந்த்ரா–குர்லா வளாகத்தில் 2011 வாக்கில் சைக்கிள் பாதை போட்டார்கள். அதில் கார்களும் பைக்குகளும் நின்றன. சைக்கிள் பாதையில் மோட்டார் ஏறக் கூடாது என்று விதி இருந்தும் அதை அமல்படுத்த யாரும் இல்லை. 2025-ல் அந்தப் பாதையை எடுத்துவிட்டு வாகன வழியை அகலமாக்க முடிவானது. வண்ணம் பூசிய பாதையைக் காப்பாற்றுவதும் கடைசியில் சட்டம்தான்.

டோம்பிவிலி மனிதர்களுக்கு விதியை மதிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. விதி மீறல்களைக் கண்டு கொதிக்கிற ஒரு நடுத்தர வர்க்க மனிதனின் கதையான ‘டோம்பிவிலி ஃபாஸ்ட்’ என்ற படம் 2005-ல் இந்த ஊரின் பெயரில்தான் வந்தது. அதையே அதன் இயக்குநர் நிஷிகாந்த் காமத் 2007-ல் மாதவனை வைத்துத் தமிழில் ‘எவனோ ஒருவன்’ என்று எடுத்தார். இந்த ஊர் தன் சந்துகளில் விதியைப் பழக்கமாக வைத்துக் காக்கிறது. பழக்கம் கையாலாகாமல் போகிற இடம், வேகம் கூடுகிற இடம். அங்கே அரசு வர வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு தமிழ்நாட்டுக்கும் சேர்த்துத்தான். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பின்னர் விரிந்த திட்டத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நாம் சைக்கிள் கொடுத்திருக்கிறோம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டிருக்கக்கூடிய எத்தனையோ பெண்கள் அந்தச் சைக்கிளில்தான் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டினார்கள். அவர்கள் ஊரைத் தொட்டுப் போகிற சாலைகள் இன்று நான்கு வழிகளாகிவிட்டன; கல்யாண்–ஷீல் சாலையின் அதே காற்று விழுப்புரத்திலும் வீசுகிறது, கயத்தாற்றிலும் வீசுகிறது. சைக்கிளைக் கொடுத்த அரசு அதற்குரிய ஒன்றரை மீட்டரையும் அரசிதழில் எழுதிக் கொடுக்கட்டும். அது வெளிவரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் கார் வைத்திருக்கிற நமக்கு இல்லை. அந்த இடைவெளியை இன்றே விடலாம்.